நிற்கும் வண்டியில் தேயும் பேட்டரி

பிரிட்டனில் மோட்டர்ஹோம் என்னும் வீட்டு வண்டி வைத்திருப்பவர்களில் பலர் நவம்பர் பிறந்ததும் தண்ணீர்த் தொட்டியை வடித்து, வண்டியைப் பூட்டி நிறுத்திவிடுகிறார்கள். மார்ச்சில் வெயில் எட்டிப் பார்த்ததும் கதவைத் திறந்து ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிவதில்லை. நான்கு மாதமாக யாரும் ஏறவில்லை, ஒரு பல்பைக்கூடப் போடவில்லை. பிறகு சார்ஜ் எங்கே போனது?

இது எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி அல்ல. விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டர் விசிறி என்று வண்டிக்குள் குடித்தனம் நடத்துவதற்கென்றே தனியாக ஒரு பேட்டரி உண்டு. அங்கே அதை ‘லெஷர் பேட்டரி’ என்கிறார்கள். உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா நின்று கெடுவது அதற்கு எளிது. ஏன் என்று புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

1859-இல் பிரான்சில் காஸ்டோன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு பக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈய டை ஆக்சைடு தகடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஒரே பொருள் படிகிறது: ஈய சல்ஃபேட். அமிலம் தன் சல்ஃபேட்டை இழந்து தண்ணீரை நோக்கிப் போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பின்னோக்கி நடந்து பழைய நிலைக்கு வருகிறது. நம் வீடுகளில் கரண்ட் போனால் விசிறியை ஓட்டும் இன்வெர்ட்டர் பேட்டரியும் பெரும்பாலும் இதே குலம்தான்.

இந்த எளிய பெட்டிக்குள் ஐன்ஸ்டீனும் இருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஈய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அவற்றின் இழுப்பில், உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீத வேகத்தை எட்டுகின்றன. அந்த வேகத்தில் சார்பியல் விளைவுகள் தலைகாட்டி, அணுவின் வெளிவட்டத்தையும் உள்ளே இறுக்குகின்றன. அதனால் எலக்ட்ரான்களை இழந்து நிற்கும் ஈய டை ஆக்சைடு, அவற்றைத் திரும்பப் பெறத் துடிக்கிறது. 2011-இல் ராஜீவ் அஹுஜா, பெக்கா பியூக்கோ உள்ளிட்ட விஞ்ஞானிகள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: ஒவ்வொரு செல்லும் தரும் சுமார் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியலின் கொடை. ஆறு செல்களைக் கோத்த 12 வோல்ட் பேட்டரியில் 10 வோல்ட்டுக்கு மேல் அப்படி வந்தது. தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தில் இந்த விளைவு மிகக் குறைவு. அதை வைத்து இப்படி ஒரு பேட்டரி செய்ய முடியவில்லை.

அப்படிப்பட்ட பேட்டரியைக் கொல்வது அந்த ஈய சல்ஃபேட்தான். புதிதாகப் படியும்போது அது நுண்ணிய துகள். சார்ஜ் ஏற்றினால் உடனே கரைந்துவிடும். காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால், பாகில் தொங்கும் நூலில் கற்கண்டு திரள்வதுபோல் சிறு துகள்கள் கரைந்து பெரிய படிகங்களில் போய்ச் சேர்கின்றன. பெரிய படிகம் எளிதில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி இனி வேலைக்கு வராது. ஆக, பேட்டரி காலியாவது அல்ல ஆபத்து. காலியாகவே கிடப்பதுதான் ஆபத்து.

காலியாக்குவது யார்? பெரிய கருவிகளை எல்லோரும் அணைத்துவிடுகிறார்கள். அணைக்கப்படாதவை சின்னச் சின்னவை: திருட்டு அலாரம், வண்டி எங்கே என்று சொல்லும் டிராக்கர், கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி, ரேடியோவின் நினைவகம், சுவரில் இருக்கும் கன்ட்ரோல் பேனல். எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணி பேட்டரி ஆறே வாரத்தில் பாதியாகிவிடும், பன்னிரண்டு வாரத்துக்குள் துடைத்துவிட்டதுபோல் காலி. கூரையில் சோலார் பேனல் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்களும் உண்டு. டிசம்பர் கடைசியில் லண்டனின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் மேலே ஏறுகிறது. படுக்கையாகக் கிடக்கும் பேனலில் அப்போதுகூட நேரடி வெயிலின் ஏறக்குறைய கால் பங்குதான் விழும். அதுவும் வானம் தெளிந்திருந்தால். வண்டி கொட்டகைக்குள் நின்றால் பேச்சே இல்லை.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், பொறுமை கூடுதலாக வேண்டும். வெளி மின் இணைப்பையும் சோலாரையும் முதலில் துண்டிக்க வேண்டும். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் இருக்கும் ஒயரைக் கழற்ற வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, ஒரு முனையைக் கழற்றிய ஒயரிலும் இன்னொரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் வைத்தால், வண்டிக்குள் போகும் மின்னோட்டம் முழுவதும் மீட்டர் வழியே போகும். அந்த நிலையில் மீட்டரை பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே மட்டும் வைத்துவிடக் கூடாது; அது ஷார்ட் சர்க்யூட். பம்பையோ இன்வெர்ட்டரையோ போடவும் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் தெரியும் எண்ணைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். இணைத்தவுடன் மின்னணுப் பலகைகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. அரை மணி நேரம் விட்டால் ஒவ்வொன்றாகத் தூங்கி, எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் உண்மையான கசிவு. அது அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். எந்த ஃபியூஸை எடுத்தும் அசையவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேரே யாரோ இழுத்த ஒயரைத் தேட வேண்டும். பின்னாளில் பொருத்திய கருவிகளில் இது சகஜம்.

கசிவே இல்லை, ஆனாலும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். முழுதாக ஏற்றி, ஓர் இரவு ஓய்வு கொடுத்து அளந்தால் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். பாதி சார்ஜ் என்பது 12.2. முழுமைக்கும் பாதிக்கும் நடுவே அரை வோல்ட்தான் வித்தியாசம் என்பதால், ஊசி காட்டும் பழைய பேனல்களை நம்ப முடியாது. எவ்வளவு ஏற்றியும் 10.5-ஐச் சுற்றியே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கலாம். 12.7 காட்டுவது மட்டும் நல்ல பேட்டரிக்குச் சான்றல்ல. தகட்டில் பாதி செத்துப்போனாலும் மிச்சப் பாதி அதே வோல்ட்டைக் காட்டும். எனவே 5 ஆம்பியர் இழுக்கும் விளக்குகளைப் போட்டு நேரத்தைக் கவனிக்க வேண்டும். நூறு ஆம்பியர்-மணி பேட்டரி பாதிக்கு வரப் பத்து மணி நேரம் ஆக வேண்டும். நான்கு மணி நேரத்தில் வந்துவிட்டால் அதன் கொள்ளளவு நாற்பதாகச் சுருங்கிவிட்டது.

புதிது வாங்கும் முன் ஒரு நாள் மின்செலவைக் கூட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள் லேபிளில் உள்ள பெரிய எண்ணை வாங்கி வருகிறார்கள். அந்த எண் எத்தனை மணி நேரத்தில் காலியாக்கி அளந்தது என்று பார்க்க வேண்டும். மெதுவாக எடுத்தால் பேட்டரி அதிகம் தரும், வேகமாக எடுத்தால் குறைவாகத் தரும். இந்த உறவை 1897-இல் பியூக்கர்ட் சூத்திரமாக்கினார். ஆகவே 100 மணி நேரக் கணக்கில் போட்ட எண், 20 மணி நேரக் கணக்கைவிடப் பெரிதாகத் தெரியும்; பேட்டரி என்னவோ ஒன்றுதான். ஈய-அமில வகையில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கக் கூடாது என்பதால், நாள் செலவு 25 ஆம்பியர்-மணி என்றால் நூறு ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாள்தான். எஞ்சின் பேட்டரியை இங்கே போடுவது வீண். அதன் தகடுகள் மெல்லியவை; சில விநாடி பெரும் மின்னோட்டம் தருவதற்குச் செய்தவை. பிரிட்டனின் தேசிய கேரவன் கவுன்சில், பயன்பாட்டைப் பொறுத்து லெஷர் பேட்டரிகளை மூன்று பிரிவாகத் தரம் பிரிக்கிறது. வெளி மின் இணைப்பு இல்லாத இடங்களில் அடிக்கடி தங்குவோருக்கானது முதல் பிரிவு. எப்போதும் இணைப்புள்ள முகாம்களிலேயே தங்குகிறவர் அதற்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, ஜான் குட்இனஃபின் ஆய்வகத்திலிருந்து 1990-களில் வந்தது. ஏறக்குறைய பாதி எடை; கொள்ளளவில் பெரும்பகுதியையும் பயமின்றி எடுக்கலாம். 1997-க்குப் பிறகு கார் உரிமம் பெற்ற பிரிட்டன்காரர்களில் பெரும்பாலோர் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட முடியாது என்பதால், அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் பாழாகும். சூடேற்றியோ, குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் பாதுகாப்போ உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய சார்ஜர் அதற்கு ஏற்றதா என்றும் பார்க்க வேண்டும். யூரோ 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் வந்த பல வண்டிகளில், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்தத் தன் வோல்ட்டைக் குறைத்துக்கொள்கிறது. அவற்றில் எந்த வகைப் பேட்டரியானாலும், நடுவே வோல்ட்டை உயர்த்தித் தரும் ஒரு டிசி-டிசி சார்ஜர் இல்லாவிட்டால் நாள் முழுக்க ஓட்டினாலும் முழுதாக ஏறாது.

குளிர்காலத்தில் நிறுத்தும்போது செய்ய வேண்டியதும் வகைக்கு வகை மாறும். ஈய-அமிலத்தை முழுதாக ஏற்றி, இணைப்பைத் துண்டித்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதி சார்ஜில் துண்டித்துவிட்டால் வசந்தம்வரை அதுபாட்டுக்கு இருக்கும்.