டெக்சஸ் சொத்து வரி: எந்த மாதம் எந்தக் கதவைத் தட்டுவது?

புது வீட்டில் பால் காய்ச்சி ஒரு வருடம் ஓடியிருக்கும். மார்ட்கேஜ் கம்பெனியிலிருந்து 'எஸ்க்ரோ அனாலிசிஸ்' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வரும். அடுத்த மாதத்திலிருந்து தவணை ஆயிரத்துச் சொச்சம் டாலர் கூடுகிறது என்று அதில் இருக்கும். முப்பது வருடத்துக்கும் ஒரே வட்டி என்றுதானே கையெழுத்துப் போட்டோம் என்று பதறிப்போய் வங்கிக்குப் போன் போடுபவர்கள் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் புறநகர்களில் நிறையப் பேர். வட்டியில் மாற்றம் எதுவும் இருக்காது. ஏறியிருப்பது சொத்து வரி.

கணக்கைப் பாருங்கள். டெக்சஸில் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலைக்குத்தான் அந்த வருடத்து வரி. அன்றைக்கு அங்கே வெறும் மனைதான் இருந்தது, அதன் மதிப்பு 90,000 டாலர், எல்லா வரியும் சேர்த்து நூறு டாலருக்கு இரண்டரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி 2,250 டாலர். அடுத்த ஜனவரியில் அதே இடத்தில் 4,50,000 டாலர் வீடு நிற்கிறது. சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால் வரி 11,250. மனை வரியை வைத்து மாதாமாதம் பிடித்துவந்த வங்கிக்கு 9,000 டாலர் பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்ப மாதம் 750, இனி வரும் வருடத்துக்காக இன்னொரு 750. ஆக 1,500. இதில் மோசடி ஒன்றுமில்லை. ஆனால் வீட்டை விற்கும்போது பில்டரின் ஆள் இதை எடுத்துச் சொல்வது அபூர்வம். பழைய வீடு வாங்கினாலும் இதே கதை நடக்கலாம். விற்பனைத் தளத்தில் காட்டப்படும் வரி பழைய உரிமையாளர் கட்டிய வரி. அவர் 65 வயதைத் தாண்டியவராக இருந்தால் அவருடைய பள்ளி வரி பல வருடங்களுக்கு முன்பே உறைந்து நின்றிருக்கும். வீடு கைமாறும்போது அந்தச் சலுகை கூட வராது.

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. 2019-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, தனிநபர் வருமான வரிக்கே வழியில்லாமல் செய்துவிட்டார்கள். கலிபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் இங்கே குடிபெயரும் நம்மவர்கள் முதலில் சொல்லும் காரணமும் இதுதான். அந்த வரி இல்லாததால், பள்ளிக்கூடம், ரோடு, போலீஸ், சிறை, மாவட்ட மருத்துவமனை ஆகியவற்றுக்கான பணத்தில் பெரும்பங்கு உங்கள் வீட்டுக் கூரையிலிருந்துதான் வருகிறது. மாநில அரசு தன் பேரில் சொத்து வரி போடுவதில்லை. போடுவது கவுண்டி, நகரம், ஐ.எஸ்.டி. எனப்படும் பள்ளி மாவட்டம், கம்யூனிட்டி காலேஜ், பல இடங்களில் மட் என்று எல்லோரும் கூப்பிடும் முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட். ஒரே பில்லில் நாலைந்து பேர் கை நீட்டியிருப்பார்கள்.

மதிப்பை ஒருவர் போடுகிறார், விகிதத்தை இன்னொருவர் முடிவு செய்கிறார், சலுகையை ஆஸ்டினில் இருக்கும் சட்டமன்றம் தருகிறது. மூன்றுக்கும் வேறு வேறு கதவு, வேறு வேறு மாதம். நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் தவறான கதவில் நின்று சத்தம் போட்டுவிட்டு, "அமெரிக்காவிலும் இப்படித்தான்" என்று வீடு திரும்புகிறார்கள்.

முதல் கதவு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். ஏப்ரல் வாக்கில் அங்கிருந்து மதிப்பீட்டு அறிவிப்பு வரும். அது பில் இல்லை. 'உங்கள் வீட்டுக்கு நாங்கள் போட்டிருக்கும் விலை இது' என்று சொல்லும் காகிதம். மறுக்க விரும்பினால் மே 15 அல்லது அறிவிப்பை அனுப்பியதிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் புரொடெஸ்ட் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. பெரிய கவுண்டிகளில் இணையத்திலேயே பத்து நிமிட வேலை. 'எதிர்த்தால் ஏற்றிவிடுவார்கள்' என்று நண்பர்கள் வட்டாரத்தில் ஒரு பயம் உலவுகிறது. 2019-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அதற்கு இடமில்லை. நீங்களே கேட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் பதிவேட்டில் காட்டிய மதிப்புக்கு மேல், புரொடெஸ்ட்டை விசாரிக்கும் மறுஆய்வு வாரியம் போக முடியாது.

எதிர்ப்புக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, சந்தை விலையை விட அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். மற்றது, அக்கம்பக்கத்தில் இதே மாதிரியான வீடுகளுக்கு என்னை விடக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள். படிவத்தில் இரண்டையும் டிக் செய்யுங்கள். ஒன்றை மட்டும் டிக் செய்தால் மற்றதைப் பிறகு பேச முடியாமல் போகலாம். இரண்டாவது காரணத்துக்கு இங்கே தனி பலம் உண்டு. டெக்சஸில் வீடு என்ன விலைக்கு விற்றது என்பதை அரசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆகவே விற்பனை விலைகள் பொதுவில் எளிதாகக் கிடைக்காது, மதிப்பீடுகள் கிடைக்கும். வீடு வாங்கியதும் 'எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?' என்று கேட்டு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஒரு படிவம் அனுப்பும். அரசாங்கக் கடிதம் என்று பயந்து நிரப்பி அனுப்புபவர்கள் உண்டு. பதில் சொல்லும் கட்டாயம் இல்லை.

தாக்கல் செய்ததும், அவர்கள் காட்டப்போகும் ஆதாரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் விசாரணைக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் தர வேண்டும். பாதிப் புரொடெஸ்ட்டுகள் விசாரணை வரை போவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு, அதிகாரியோடு பேசும் முதல் கட்டத்திலேயே நிறைய முடிந்துவிடும். அவர் சொல்லும் எண் பிடிக்கவில்லை என்றால் மறுஆய்வு வாரியம். ஒரு மேஜை, எதிரே வாரிய உறுப்பினர்கள், பக்கவாட்டில் கம்ப்யூட்டர் திரையோடு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஊழியர். உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி வாங்குவார்கள். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் 'போன வருடத்தை விட இவ்வளவு ஏறிவிட்டது, எங்கே போவேன்?' என்று புலம்புவது வீண். விகிதத்தைத் தொடுவதற்கு அவர்களுக்கு அதிகாரமே கிடையாது. அங்கே பேச வேண்டியது ஜனவரி 1 நிலவரம். அடித்தளத்தில் விரிசல் இருந்தால் படம், அதைச் சரிசெய்யக் கான்டிராக்டர் கொடுத்த எஸ்டிமேட். ஆலங்கட்டி மழையில் கூரை போயிருந்தால் அதற்கான காகிதம். வீட்டின் சதுரடி அவர்கள் பதிவில் தவறாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இது பலருக்கும் நடக்கிறது. முடிவாக, 'என் கணக்கில் மதிப்பு இவ்வளவு' என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் போனிலோ வீடியோவிலோ வரலாம், உறுதிமொழிப் பத்திரமாகவும் அனுப்பலாம்.

அங்கும் தோற்றால் 60 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றம் போகலாம். அது செலவு. நடுத்தர வீட்டுக்காரருக்குப் பொருத்தமானது பைண்டிங் ஆர்பிட்ரேஷன், அதற்கும் அதே 60 நாள் கெடுதான். குடியிருக்கும் வீட்டின் மதிப்பு 5,00,000 டாலருக்குள் என்றால் முன்பணம் 450 டாலர், அதற்கு மேல் என்றால் 500. ஜெயித்தால் சிறு கட்டணம் போக மிச்சம் திரும்பும். மே கெடுவையே தவறவிட்டவர்களுக்கும் ஒரு சந்து இருக்கிறது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சரியான மதிப்பை விட நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றிப் போட்டிருந்தால், வரி கட்டும் கெடு முடிவதற்குள் திருத்தம் கேட்கலாம்.

இதையெல்லாம் செய்து தருகிறோம், மிச்சமாவதில் பங்கு கொடுங்கள் என்று வரும் கம்பெனிகள் ஏராளம். மாநிலத்தில் பதிவு செய்த ஆலோசகர்கள்தானா என்று பாருங்கள், ஒப்பந்தம் வருடாவருடம் தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு வரி விதிக்கும் மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு தடுப்பு இருக்கிறது. உங்கள் சந்தை மதிப்பு 6 லட்சம், தடுப்பினால் வரி விதிக்கும் மதிப்பு 5 லட்சம் என்றால், சந்தை மதிப்பை 5.6 லட்சமாகக் குறைத்துத் தந்தவர் உங்கள் பில்லில் இந்த வருடம் ஒரு டாலரையும் குறைக்கவில்லை. அதற்கும் 'மிச்சம்' என்று கணக்குக் காட்டி கட்டணம் கேட்பாரா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

அந்தத் தடுப்பு கிடைக்க, குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சலுகை எடுத்திருக்க வேண்டும். சலுகை எடுத்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் தடுப்பு வேலை செய்யும். பள்ளி வரிக்கு மதிப்பில் கழிக்கும் தொகை 2023-ல் 1,00,000 டாலர் ஆனது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை 1,40,000 ஆக உயர்த்தினார்கள், அந்த வருடத்து வரிக்கே பொருந்தும்படி. 65 வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 60,000. ஹோம்ஸ்டெட் சலுகைக்கு அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, கிரீன் கார்டும் தேவையில்லை. எச்-1பி விசாவில் இருப்பவரும் வீடு தன் பெயரில் இருந்து அதையே தன் முதன்மை வீடாக வைத்திருந்தால் எடுக்கலாம். டெக்சஸ் லைசென்ஸில் இருக்கும் விலாசம் அந்த வீட்டு விலாசமாக இருக்க வேண்டும். 'விசாவில் இருக்கும் நமக்கெல்லாம் கிடையாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு வருடக்கணக்கில் விட்டவர்கள் இருக்கிறார்கள். வரி கட்டும் கெடுவிலிருந்து இரண்டு வருடம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம்.

விண்ணப்பம் இலவசம். வீடு பதிவான சில வாரங்களில் அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, பணம் அனுப்பினால் ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருகிறோம் என்று கடிதம் வரும். குப்பையில் போடுங்கள். ஆனால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அனுப்பும் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது சலுகைகளைச் சரிபார்க்க வேண்டும் என்று 2023-ல் சட்டம் வந்திருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டால் சலுகை போய்விடும். வேறு ஊருக்கு மாறிப் பழைய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஹோம்ஸ்டெட்டை அப்படியே வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஐந்து வருடம் பின்னோக்கிப் போய் வரி போட அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாவது கதவு ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கிறது. விகிதம் முடிவாவது அப்போதுதான். மதிப்பு ஏறினாலும் விகிதத்தைக் குறைத்தால் பில் ஏறாது. ஏற்றிய பழியை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் மேல் போட்டுவிட்டு, 'நாங்கள் விகிதத்தைக் குறைத்தோம்' என்று விளம்பரம் செய்யும் கவுன்சிலர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். போன வருடத்து வருவாயையே தரும் விகிதம் எது என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். அந்த எண்ணோடு அவர்கள் முன்மொழியும் எண்ணை வைத்துப் பாருங்கள், விளம்பரத்தின் சாயம் வெளுத்துவிடும். நகரமோ கவுண்டியோ நடைமுறைச் செலவுக்கான வரி வருவாயை 3.5 சதவீதத்துக்கு மேல் கூட்ட விரும்பினால் வாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்று 2019-ல் விதி வந்தது. பேரிடர் என்றால் விலக்கு. 2024-ல் பெரில் புயலடித்த பிறகு ஹாரிஸ் கவுண்டி அந்த விலக்கைப் பயன்படுத்தி, வாக்காளரைக் கேட்காமலேயே வரம்பைத் தாண்டியது. சரியா தவறா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. விகிதத்தை முடிவு செய்யும் நேரத்தில் விசாரணைக் கூடத்தில் பெரும்பாலான நாற்காலிகள் காலி என்பது இந்த மாநிலத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும்.

மட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகர எல்லைக்கு வெளியே புதிதாக முளைக்கும் குடியிருப்புகளில் தண்ணீர், கழிவுநீர், வடிகால் போடப் பாண்டு எடுத்து, அதை அங்கே குடிவருபவர்களிடம் வரியாக வசூலிக்கும் குட்டி அரசாங்கம் அது. ஐந்து இயக்குநர்கள். வயலாகக் கிடந்தபோதே ஒரு தேர்தல் நடந்து, அங்கே குடியிருப்பதாகப் பதிந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கோடிக்கணக்கான டாலர் பாண்டுக்கு ஒப்புதல் கொடுத்திருப்பார்கள். பிறகு வரும் ஆயிரம் குடும்பங்கள் அடைக்க வேண்டிய கடன் அது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மட் விகிதமும் பாண்டுத் தொகையும் எழுதிய அறிவிப்பை விற்பவர் தந்தாக வேண்டும். தராவிட்டால் கிரயம் முடியும் முன் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டாக நீட்டும் காகிதங்களில் அந்த ஒரு தாளை மட்டுமாவது உருவியெடுத்துப் படியுங்கள்.

வரிக்குக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரி 1 ஆனதும் 6 சதவீத அபராதம், 1 சதவீத வட்டி. ஜூலையில் வக்கீல் கட்டணமாக மேலும் 20 சதவீதம் வரை சேரலாம். 'நாங்கள் கட்டிவிடுகிறோம், எங்களுக்குத் தவணையில் கொடுங்கள்' என்று கடன் கம்பெனிகள் கடிதம் போடும். வருடம் 18 சதவீதம் வரை வட்டி போட அவர்களுக்கு அனுமதி உண்டு, வீட்டின் மேல் பிடியும் அவர்கள் கைக்குப் போய்விடும். அங்கே போகும் முன் கவுண்டி வரி அலுவலகத்தைக் கேளுங்கள். பாக்கி விழுந்தது குடியிருக்கும் வீட்டின் மேல் என்றால், முந்தைய இரண்டு வருடத்தில் இப்படித் தவணை ஒப்பந்தம் போடாதவருக்கு 12 மாதத்துக்குக் குறையாத தவணை தந்தாக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர் வரியை ஒத்திவைக்கவே கேட்கலாம், 5 சதவீத வட்டியில்.

மூன்றாவது கதவு வாக்குச்சாவடி. 75,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டிகளில் 2024 மே மாதத்திலிருந்து அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் நிர்வாகக் குழுவுக்கு மூன்று பேரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மறுஆய்வு வாரியத்தை நியமிப்பதில் அந்த மூவரில் இருவராவது சம்மதிக்க வேண்டும். பள்ளிப் பாண்டு வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம், விகிதம் ஏறாவிட்டாலும் கூட. வீட்டுக்காரர்களின் பள்ளி வரியையே ஒழித்துவிடலாம் என்று கவர்னர் கிரெக் அபட் பேசுகிறார். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத்தான் வேட்பாளர்களிடம் பதில் வாங்க வேண்டும்.

வாக்கு குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் லைசென்ஸ் அலுவலகத்தில் அவசரத்தில் வாக்காளர் பதிவுப் பெட்டியில் டிக் செய்தால், பின்னால் குடியுரிமைக்கே ஆபத்து, நாடுகடத்தல் வரை போகலாம். ஆனால் பேசுவதற்குக் குடியுரிமை வேண்டாம். கவுண்டி கமிஷனர்ஸ் கோர்ட்டிலும் நகர கவுன்சிலிலும் பள்ளி போர்டிலும் அஜெண்டாவில் இருக்கும் விஷயத்தைப் பற்றிப் பொதுமக்கள் பேச இடம் கொடுத்தாக வேண்டும். பல இடங்களில் ஆளுக்கு மூன்று நிமிடம் போலத் தருவார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லாவிட்டால், அதைப் போல இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் வரிக் கணக்கு அத்துப்படி என்றால், அவர் தமிழில் ஆறு நிமிடம் பேசலாம்.