மேடையிலே பிறந்த இசைத்தட்டுகள்

இசைத்தட்டுகள் இருவகைப்படும். ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்தின் மூடிய கதவுகளுக்குப் பின்னே, பிழை நேருந்தோறும் மீண்டும் பாடித் திருத்தி எடுக்கப்படுவது. மற்றையது, மக்கள் திரண்டிருக்க மேடையில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே பிடித்து வைப்பது. முன்னையதிற் செம்மை உண்டு. பின்னையதில் உயிர் உண்டு. மேனாட்டு ரொக் இசைக்குழுக்கள் எழுபதுகளில் வெளியிட்ட மேடைப் பதிவுகளை நெடுங்காலமாக விரும்பிக் கேட்டு வருபவன் என்ற முறையில், இதற்குச் சான்றாக மூன்று பதிவுகளைச் சொல்வேன்.

1970ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உணவு மண்டபத்தில் 'த ஹூ' குழுவினர் இசைத்தனர். பாடகரைத் தவிர்த்தால் கிற்றார், பேஸ் கிற்றார், முரசு என வாத்தியங்கள் மூன்றே. ஆயினும் மண்டபமே அதிருமாறு ஒலி எழுகின்றது. கீத் மூன் தாளத்தைக் காப்பதோடு அமையாது, முரசினாலே கிற்றாரோடு வாதாடுகின்றார். அப்பதிவில் இடையிடையே சடசடவென்று ஓர் இரைச்சல் கேட்கும். அது குறையன்று, திருத்த வேண்டாம் என்னுங் குறிப்பினை இசைத்தட்டின் நடுச்சீட்டிலேயே எழுதி வெளியிட்டனர். குறையை மறைக்காத அந்நேர்மை போற்றத்தக்கது.

அடுத்தது, 1971ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயோர்க் நகரின் பில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஓல்மன் சகோதரர் குழுவினர் இசைத்தது. இதில் ஒரு பாடல் ஏறத்தாழ 23 நிமிடங்கள் நீண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கின்றது. அது தொடங்குமுன் கூட்டத்தில் ஒருவர் அப்பாடலின் பெயரை உரத்துக் கூவுகின்றார். அவர் யாரென அறியோம். அவர் குரலோ இன்றும் வாழ்கின்றது. டுவேன் ஓல்மனும் டிக்கி பெற்ஸும் தம் கிற்றார்களால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டு வளர்க்கும்போது, அடுத்து எங்கே செல்வார்களோ என்று நாமும் மூச்சடக்கிக் காத்திருக்கின்றோம்.

அவ்வரங்கு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. இசைத்தட்டு ஜூலையில் வெளியாயிற்று. ஒக்டோபர் 29ஆம் திகதி, மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில், டுவேன் ஓல்மன் 24 வயதிலேயே மாண்டார். இதனை அறிந்தபின் அப்பதிவைக் கேட்போர்க்கு அதன் களிப்பே நெஞ்சைப் பிழியும். வரப்போவதை அறியாத இளைஞனின் விரல்கள் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது, அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி, நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் நிகழ்ந்தது. புயலாலும் போராலும் வீடிழந்த கிழக்கு வங்காள அகதிகளின் துயர்கண்டு சித்தார் மேதை ரவிசங்கர் உதவி வேண்ட, நண்பர் ஜோர்ஜ் ஹரிசன் அக்கச்சேரியை ஒழுங்குசெய்தார். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் தம் வாத்தியங்களைச் சுருதி சேர்த்து முடித்தவுடன், அதுவே ஓர் உருப்படி என எண்ணி மக்கள் கரகோஷம் செய்தனர். ரவிசங்கர் சினந்தாரல்லர். சுருதி சேர்த்தலே இவ்வளவு பிடித்ததாயின் வாசிப்பு இன்னும் பிடிக்குமென நம்புவதாக நகைச்சுவையோடு நன்றி கூறினார். அறியாமையும் அன்பும் கலந்த அக்கரகோஷத்தை எந்த ஒலிப்பதிவுக் கூடம் நமக்குத் தரும்?

மேடைப் பதிவுகள் யாவும் இத்தகையன என்று சொல்வதற்கில்லை. 1978இல் வெளியான 'தின் லிசி' குழுவின் புகழ்பெற்ற மேடைப் பதிவில் எவ்வளவு பகுதி பின்னர் கூடத்தில் திருத்தப்பட்டது என்பது பற்றித் தயாரிப்பாளரும் குழுவினரும் முரண்பட்டுப் பேசினர். ஆதலின் எச்சரிக்கையோடு கேட்டல் வேண்டும்.

இளைஞர்க்கு ஒன்று கூறுவேன். இத்தகைய பதிவு கிடைத்தால் துண்டு துண்டாகக் கேளாதீர்கள். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, முதலிலிருந்து முடிவுவரை கேளுங்கள். பாடல்களுக்கு இடையே எழும் இருமலையும் சிரிப்பையும் ஆரவாரத்தையும் தள்ளிவிடாதீர்கள். அவ்விரவில் அங்கிருந்த மக்கள் நமக்கு விட்டுச்சென்றவை அவையே.