பழைய நெகிழ்வட்டுகளில் தோட்ட வரலாறு: மீட்பது எப்படி?

பாக்கார் ஆராங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் வாழும் பல குடும்பங்களின் வேர் ரப்பர் தோட்டங்களில் உள்ளது. அத்தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 1990ஆம் ஆண்டுகளில் கணினியில் தட்டெழுதிய ஆலயத் திருவிழா மலர், நன்கொடையாளர் பட்டியல், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ் போன்றவை மட்டும் பிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டுகளில், யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கக்கூடும்.

அவற்றைத் தூக்கி எறியும் முன் படித்துப் பார்ப்பது நல்லது. காலம் தாழ்த்தவும் கூடாது. சோனி நிறுவனம் 2011இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திவிட்டது. நம் நாட்டு ஈரப்பதத்தில் வட்டின் காந்தப் பூச்சில் பூஞ்சணமும் எளிதில் படியும்.

முதலில் வட்டின் அளவைப் பார்க்க வேண்டும். கெட்டியான உறையுடன் 3.5 அங்குலத்தில் இருந்தால் வேலை எளிது. யூஎஸ்பி இணைப்புள்ள நெகிழ்வட்டு இயக்கியை இணைய அங்காடிகளில் வாங்கி, மடிக்கணினியில் நேரடியாகச் செருகினால் போதும். பழைய கணினியிலிருந்து கழற்றிய இயக்கி இதற்கு உதவாது. அதற்குரிய 34 ஊசி இணைப்பு இன்றைய கணினிகளில் இல்லை.

வளையும் உறையுள்ள 5.25 அங்குல வட்டை யூஎஸ்பி இயக்கி ஏற்காது. அதற்குப் பழைய இயக்கியும், அதைப் புதிய கணினியுடன் இணைக்கும் கிரீஸ்வீசல் போன்ற தனிப் பலகையும் தேவை. பழைய மெக்கிண்டாஷ் கணினிகளின் 800 கிலோபைட் வட்டுகளையும் சாதாரண யூஎஸ்பி இயக்கியால் படிக்க முடியாது.

வட்டைச் செருகும் முன் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். உலோக மூடியை மெல்ல நகர்த்தி உள்ளே பாருங்கள். வெண்புள்ளிகள் தெரிந்தால் செருகாதீர்கள்; அந்தப் பூஞ்சணம் இயக்கியின் தலையில் ஒட்டி அடுத்த வட்டையும் கெடுக்கும். பிறகு, மூலையிலுள்ள சிறு பொத்தானை நகர்த்தித் துளையைத் திறந்து வையுங்கள். அப்போது வட்டில் எதுவும் தவறுதலாக எழுதப்படாது, அழியாது.

“ஃபார்மட் செய்யவா?” என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். ஓர் இயக்கியில் படிக்காத வட்டு வேறோர் இயக்கியில் படிக்கலாம்.

கோப்பு திறந்ததும் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் தெரிந்தால் கலங்க வேண்டாம். யூனிகோட் பரவலாவதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி எழுத்து முறையைப் பயன்படுத்தியது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருளில் தட்டெழுதியவர்கள் இங்கு பலர். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பது தெரிந்தால், அதை நிறுவியோ, மாற்றியின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோ படிக்கலாம். அதனால் வட்டின் மேலுள்ள ஒட்டுச்சீட்டைக் கிழிக்காதீர்கள். எழுத்துருவின் பெயர் அதில் இருக்கக்கூடும்.

ஒரு வட்டில் அடங்குவது 1.44 மெகாபைட் மட்டுமே. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. ஆனால் ஒரு தோட்டத்து மக்களின் பெயர்ப் பட்டியல் முழுவதற்கும் அந்த இடம் தாராளம். ஆலய, பள்ளி நிர்வாகத்தினர் தங்கள் முன்னாள் செயலாளர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். மீட்ட கோப்புகளைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு படியைத் தாளிலும் அச்சிட்டு வைப்பது பாதுகாப்பானது.