பண்ணைப் பட்டறையில் மிக் வெல்டிங்: பலத்தைச் சோதித்தபின் வேலையில் இறங்குக

உழவு நெருங்கும் நேரத்தில் கல்டிவேட்டரின் சட்டம் விரிசல் விடுவதும், டிரெய்லரின் பக்கத் தகடு பெயர்வதும் பண்ணைகளில் வழக்கமாக ஏற்படும் பழுதுகள் ஆகும். இவற்றிற்காக நகரப் பட்டறையில் காத்திருப்பதைத் தவிர்க்கச் சில விவசாயிகள் மிக் வெல்டிங் கருவியைச் சொந்தமாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொள்கின்றனர். ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் சிறிய இன்வெர்ட்டர் கருவிகள் இதற்கு ஏற்றவை.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. ராடு வெல்டிங்கில் பழகாதவரின் வேலை பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். மிக் கருவியிலோ, பழகாதவர் போட்ட வெல்டிங்கும் வரிசையாக, அழகாக அமையலாம். உள்ளே அது தாய் இரும்புடன் உருகிச் சேராமல் மேலே ஒட்டி மட்டும் நிற்கக்கூடும். பாரம் ஏறும்போது வெல்டிங் விட்டுவிடும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், சோதித்துப் பார்த்தே பலத்தை அறிய வேண்டும்.

இயங்கும் முறை

ராடு வெல்டிங்கில் ராடின் மேற்பூச்சு எரிந்து, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. மிக் முறையில் சுருளிலிருந்து மெல்லிய கம்பி டார்ச் வழியாகத் தொடர்ந்து வந்து உருகுகிறது. அதைச் சுற்றிப் பாயும் வாயு காற்றைத் தடுக்கிறது. அலுமினியத்தை இணைப்பதற்காக 1948-ல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிறுவனத்தில் இம்முறை உருவாக்கப்பட்டது. 1950-களில் கரியமில வாயுவைப் பயன்படுத்தத் தொடங்கியபின் இரும்பு வேலைக்குப் பரவியது. பட்டறைகளில் ‘சி.ஓ.டூ வெல்டிங்’ எனப்படுவது இதுவே.

முதலில் கவனிக்க வேண்டியவை

கருவியைச் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் இணைக்கக் கூடாது. கருவியின் தகட்டில் குறித்துள்ள ஆம்பியருக்கு ஏற்ற தடித்த ஒயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் ஆகியவை தேவை. பம்புசெட்டுக்கு வழங்கப்பட்ட இலவச மின் இணைப்பில் இதை இயக்கக் கூடாது.

வாயுவுடன் பயன்படுத்தும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவ் முனையில் இருக்க வேண்டும். வாயு தேவைப்படாத, உள்ளே மருந்து நிரப்பிய கம்பிக்குப் பொதுவாக டார்ச் நெகட்டிவ் முனையில் இருக்க வேண்டும். கம்பியை மாற்றும்போது இதை மாற்ற மறப்பதால் பொறி சிதறி, வெல்டிங் கெடுகிறது.

பண்ணை வேலைக்கு 0.8 மி.மீ. கம்பி பெரும்பாலும் போதும். கம்பி உருளையின் பள்ளமும் செம்பு டிப்பும் அதே அளவில் இருக்க வேண்டும். வாயுவை நிமிடத்திற்கு 10 முதல் 15 லிட்டர் வரை வைக்கலாம். காற்று வீசும் இடத்தில் வாயு கலைந்து, வெல்டிங்கில் புழு அரித்தது போன்ற துளைகள் விழும். எனவே திறந்த வயலில் ராடு வெல்டிங்கே ஏற்றது.

இரண்டு குமிழ்கள்

கருவியில் வோல்ட்டேஜுக்கு ஒன்றும் கம்பியின் வேகத்திற்கு ஒன்றுமாக இரண்டு குமிழ்கள் உள்ளன. கம்பி வேகம் கூடினால் கரண்டும் கூடும். தகட்டின் கனத்திற்கு ஏற்ற அளவுகள் பெரும்பாலும் கருவியின் மூடியிலோ கையேட்டிலோ அட்டவணையாக இருக்கும். அதில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் சிறிது திருப்பிப் பார்க்க வேண்டும்.

கம்பி வேகம் மிகுந்தால் கம்பி தகட்டில் முட்டி டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளும். குறைந்தால் கம்பி டிப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். வோல்ட்டேஜ் குறைந்தால் வெல்டிங் கயிறுபோல் ஒடுங்கி மேலெழுந்து நிற்கும். இதுவே உள்ளே சேராத வெல்டிங்கின் முக்கிய அடையாளம். வோல்ட்டேஜ் மிகுந்தால் வெல்டிங் அகன்று தட்டையாகி, ஓரத்தில் பள்ளம் விழும். இரண்டும் பொருந்தும்போது வாணலியில் வடகம் பொரிவது போன்ற சீரான ஓசை கேட்கும்.

பழகும் முறை

3 மி.மீ. கனமுள்ள கழிவுத் தகட்டில் பழகத் தொடங்கலாம். துரு, பெயின்ட், எண்ணெய் ஆகியவற்றைக் கிரைண்டரால் நீக்கி, இரும்பு பளபளக்கும் வரை சுத்தம் செய்ய வேண்டும். எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடமும் அவ்வாறே இருக்க வேண்டும். டிப்பிலிருந்து கம்பி சுமார் 10 மி.மீ. நீண்டிருக்கட்டும். டார்ச்சை 10 முதல் 15 டிகிரி வரை சாய்த்துப் பிடித்து, உருகிய குளத்தின் முன் விளிம்பில் கம்பி விழுமாறு சீராக நகர்த்த வேண்டும். மிக மெதுவாக நகர்ந்தால் உருகிய இரும்பு முன்னால் வழிந்து, அடித்தகட்டில் சூடு இறங்காமல் தடுத்துவிடும்.

கருவிக்கு ஓய்வும் தேவை. 160 ஆம்பியரில் 40 சதவீதம் எனக் குறித்திருந்தால், அந்தக் கரண்டில் 10 நிமிடத்தில் 4 நிமிடம் மட்டுமே வேலை செய்யலாம்.

சுத்தியல் சோதனை

ஒரு தகட்டின் மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்ய வேண்டும். ஆறியபின் அடித்தகட்டை வைஸில் இறுக்கி, வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, நிற்கும் தகட்டை வெல்டிங் உள்ள பக்கமாகச் சாய்க்க வேண்டும். தகடு வளைந்தும் வெல்டிங் விடாமல் இருந்தால் நல்லது. வெல்டிங் முழுதாகப் பெயர்ந்து, அடியில் பழைய கிரைண்டர் கோடுகள் அப்படியே தெரிந்தால் அது சேரவில்லை எனப் பொருள். அப்போது வோல்ட்டேஜையும் நகர்த்தும் வேகத்தையும் திருத்தி மீண்டும் செய்து பார்க்க வேண்டும். தொடர்ந்து பல துண்டுகள் தேறியபின்பே பண்ணைக் கருவியில் கை வைக்கலாம்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்

கேட், தகட்டுப் பெட்டி, தீவனத் தொட்டியின் சட்டம் போன்றவை தொடக்க வேலைக்கு ஏற்றவை. டிரெய்லர் கொக்கி, அச்சு, ஸ்டியரிங், பிரேக் பாகங்களை அனுபவமுள்ள வெல்டரிடமே விட வேண்டும். இவற்றில் வெல்டிங் விட்டால் உயிர்ச்சேதம் நேரும். சட்டிக் கலப்பையின் சட்டிகளும் வில் பட்டைகளும் கார்பன் மிகுந்த எஃகு. சாதாரண முறையில் பற்றவைத்தால் விரிசல் விடும். 6 மி.மீ.க்கு மேற்பட்ட இரும்பில் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, பல அடுக்குகளாக நிரப்ப வேண்டும்.

பாதுகாப்பு

10 அல்லது 11-ஆம் எண் கருப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி, தோல் கையுறை, பருத்தி உடை ஆகியவை கட்டாயம் தேவை. ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து நீக்காமல் பற்றவைத்தால், அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும். டீசலோ பூச்சி மருந்தோ இருந்த பீப்பாய்களை ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும். கொட்டகையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். அருகில் வைக்கோல் இருக்கக் கூடாது. டிராக்டரில் வேலை செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

பழகுவதற்கு ஆகும் கம்பியும் வாயுவும் வீண் செலவு அல்ல. சுத்தியல் சோதனையில் பெயர்ந்தால் ஒரு கழிவுத் துண்டோடு நஷ்டம் முடிகிறது. பாரம் ஏற்றிய டிரெய்லரில் பெயர்ந்தால் அவ்வாறு முடிவதில்லை.