விரலா, எண்ணா? கைப்பேசிப் பூட்டின் இரு சாவிகள்

அண்மையில் ஒரு நாள் மின்தேக்கி பற்றிய பாடத்தை முடித்துவிட்டு, "ஐயம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். முந்தின இரவு வாகனச் சோதனையில் அவனுடைய அண்ணனை நிறுத்திய காவலர், கைப்பேசியை வாங்கிக்கொண்டு, "விரலை வை" என்றாராம். "வைத்தே ஆக வேண்டுமா, சார்?" என்று கேட்டான். இயற்பியல் வகுப்பில் நான் எதிர்பாராத கேள்வி. ஆனால் விடையில் பாதி இயற்பியல்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த இரும்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சாவி போட்டுத் திறக்கும் பெட்டி ஒன்று, எண்களைச் சேர்த்துத் திறக்கும் பெட்டி ஒன்று என வைத்துக்கொள்வோம். சாவி மடியில் இருப்பது. எண்ணோ மனத்தில் இருப்பது. கைப்பேசிக்கு இவ்விரண்டும் உண்டு.

முதலில் விரலைக் காண்போம். ரேகை உணரியின் பரப்புக்கு அடியில், ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில், நுண்ணிய உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. விரலை வைத்ததும் தோல் எதிர்த் தகடாகிறது. ரேகையின் மேடுகள் நெருங்கி நிற்கும். பள்ளங்களில் காற்று புகுந்திருக்கும். மின்தேக்குதிறன் இடைத்தொலைவுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று படித்தோம் அல்லவா? ஆகவே மேட்டில் அது கூடுகிறது, பள்ளத்தில் குறைகிறது. ரேகையின் படம் கிடைத்துவிடுகிறது. (ஒளியையோ மீயொலியையோ பயன்படுத்தும் உணரிகளும் உண்டு.) இதற்கு விரலுக்கு உரியவர் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

எண் அப்படியன்று. 4 இலக்க எண்கள் 10,000 உள்ளன. நொடிக்கு ஒன்றாக முயன்றால் 2 மணி 47 நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். 6 இலக்கமானால் 10 லட்சம். பதினொன்றரை நாளுக்கு மேல் ஆகும். தவறான முயற்சிகளுக்குப் பின் கைப்பேசி வேண்டுமென்றே காத்திருக்க வைப்பதால் காலம் இன்னும் நீளும். உள்ளேயுள்ள படங்களும் செய்திகளும் மறைகுறியாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அவற்றை மீட்கும் திறவுகோல் உருவாக இந்த எண் தேவை. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் கைப்பேசி விரலை ஏற்காமல் எண்ணைக் கேட்பது இதனால்தான்.

இனி சட்டம். குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு. கைரேகை கொடுப்பது அத்தகைய சாட்சியம் ஆகாது என்று 1961-இல், காதி காலு ஓகத் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ரேகை உடலின் அடையாளம். மனத்தின் அறிவு அன்று. 2010-இல் செல்வி வழக்கிலோ, ஒருவரின் இசைவின்றி மயக்க மருந்து செலுத்தியும் பொய் காணும் கருவியைப் பொருத்தியும் மனத்தில் உள்ளதை வெளிக்கொணரக் கூடாது என்றது.

கடவு எண் எந்தப் பக்கம்? 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதையும் கைரேகை போன்றதாகவே கருதியது. ஆயினும் கைப்பேசியைச் சோதிக்கப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்றது. 2022-இல் டெல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் எண் மனத்தின் அறிவே, அதைக் கட்டாயப்படுத்திப் பெற முடியாது, விரலைப் பெறலாம் என்றது. எனக்கு டெல்லியின் வாதமே பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் இவையெல்லாம் வழக்கு என ஒன்று இருக்கும்போது எழுபவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி, விசாரணைக்குத் தேவையான கருவியை ஒப்படைக்கச் சொல்ல நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105-ஆம் பிரிவு. சாலையோரத்தில் வாய்மொழியாக "விரலை வை" என்பது இவற்றில் எதிலும் சேராது. "எந்த வழக்கு, ஐயா? எழுத்தில் ஆணை உண்டா?" என்று பணிவாகக் கேட்கலாம். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதும், உள்ளிருப்பதை அவசரமாக அழிப்பதும் புதிய வழக்குக்கு இடம் தரும்.

அந்த அண்ணன் விரலை வைத்துவிட்டாராம். காவலர் நாலைந்து படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விரல் பூட்டை நீக்கிவிட்டு, 6 இலக்க எண் வைத்தாராம்.