எலுமிச்சைக்குள் இறங்கும் வெளிச்சம்

மேஜை மேல் சில கண்ணாடிக் குவளைகள், ஒரு ஜாடி, ஓர் ஆஷ்டிரே, சில பகடைகள். பிரான்ஸைச் சேர்ந்த ஜீல் ட்ரான் 2006-இல் உருவாக்கிய இந்தப் படத்தை யாரிடம் காட்டினாலும் புகைப்படம் என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு மேஜை எந்த வீட்டிலும் இல்லை. குவளைகளை ஒரு மென்பொருளிலும் பகடைகளை இன்னொன்றிலும் வடிவமைத்து, எல்லாவற்றையும் ‘பாவ்-ரே’ என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தார். ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் எந்த வழியாக வந்து சேரும் என்று அது கணக்குப் போட்டு வரைந்த படம் இது.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்றாலே டிராகனும் இடிந்து விழும் கட்டடமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் டிராகனை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. இப்படித்தான் இருக்கும் என்று காட்டினால் ஏற்றுக்கொள்வோம். எலுமிச்சம்பழம் பிறந்ததிலிருந்து நாம் பார்த்துவருவது. அதன் தோலில் பளபளப்பு கொஞ்சம் கூடினாலே ‘பிளாஸ்டிக்’ என்று கண் சொல்லிவிடும். அசையாமல் கிடக்கும் சாதாரணப் பொருளை நிஜமாக்குவதுதான் இந்தக் கலையின் மிகக் கடினமான தேர்வு என்பது என் எண்ணம். இந்தத் துறையின் விஞ்ஞானமே அப்படிப்பட்ட பொருள்களை வைத்துத்தான் வளர்ந்தது.

1975-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ட்டின் நியூவெல்லுக்குத் தன் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டிலிருந்த டீபாட்டையே வரையச் சொன்னார் மனைவி சாண்ட்ரா. நியூவெல் அதை கிராஃப் தாளில் வரைந்து, அதன் வளைவுகளை எண்களாக்கினார். கைப்பிடிக்கு நடுவே ஓட்டை, நீண்ட மூக்கு, தன் மேலேயே விழும் நிழல் என்று ஒரு மென்பொருளைச் சோதிக்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு பாத்திரத்தில் இருந்தது. எண்களை அவர் மற்றவர்களுக்கும் கொடுத்ததால் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதே டீபாட்டை வரைந்தார்கள். அசல் டீபாட் இப்போது கலிஃபோர்னியாவில், மவுண்டன் வியூ நகரின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1980-இல் பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட் ஒரு கண்ணாடி உருண்டையையும் ஒரு பளபளக்கும் உருண்டையையும் கட்டம் போட்ட தரைக்கு மேல் மிதக்கவிட்டார். விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அதனால் அவர் கணக்கைத் திருப்பிப் போட்டார்: கண்ணிலிருந்து ஒரு கோடு கிளம்பி, பொருளில் பட்டு, திரும்பி, வளைந்து, விளக்கைத் தேடிப் போகும். அந்த ஒரு படத்துக்கு அன்றைய வாக்ஸ் கணிப்பொறி 74 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. 1984-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் வண்ணச் சுவர்கள் கொண்ட ஒரு பெட்டியைக் கணித்து, சிவப்புச் சுவரின் நிறம் பக்கத்து வெள்ளைப் பரப்பில் கசிவதைக் காட்டினார்கள். 1986-இல் ஜேம்ஸ் கஜியா இத்தனை ஒளிப்பயணங்களையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். இன்றைய மென்பொருள்கள் பலவும் அந்தச் சமன்பாட்டுக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 2001-இல் நடந்தது. அதுவரை கணிப்பொறியில் வரைந்த பால் வெள்ளை பெயின்ட் மாதிரிதான் இருந்தது. பாலில் விழும் வெளிச்சம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. உள்ளே புகுந்து, சிதறி, வேறொரு இடத்தில் வெளியே வருகிறது. ஹென்ரிக் வான் ஜென்சனும் கூட்டாளிகளும் இதைக் கணக்கிட வேகமான வழி கண்டார்கள். பால் பாலாகத் தெரிந்தது, சலவைக்கல் சலவைக்கல்லாகத் தெரிந்தது. மெழுகு, திராட்சை, எலுமிச்சைச் சுளை, மனிதத் தோல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

விஞ்ஞானிகளுக்கு முன்னால் ஓவியர்கள் இதைக் கண்ணாலேயே கண்டுபிடித்திருந்தார்கள். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து வில்லெம் ஹேடா 1635-இல் வரைந்த ஓர் ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்முலாம் கிண்ணம், சிப்பிகள், கசங்கிய துணி, பாதி தோலுரித்த எலுமிச்சை. சாம்பலும் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறங்களுக்கு நடுவே எலுமிச்சையின் மஞ்சள் மட்டும் கண்ணை இழுக்கும். கணிப்பொறியில் காட்சி அமைக்கிறவர்கள் அந்த ஓவியத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பொருளின் விளிம்பையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அளவில் தடுக்கி விழுகிறார்கள். எலுமிச்சை ஆறேழு சென்டிமீட்டர் என்றால் மென்பொருளிலும் அதே அளவு இருக்க வேண்டும். வெளிச்சம் தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். பழத்தை இரண்டு மீட்டருக்கு ஊதி வைத்தால் அந்த மென்மை காணாமல் போய்விடும். அடுத்தது விளிம்பு. கத்தி முனைபோல் கூரான மேஜை விளிம்பு உலகில் கிடையாது. விளிம்பைச் சற்றே மழுக்கினால் அங்கே வெளிச்சம் மெல்லிய கோடாகப் பிடிக்கும். அந்தக் கோடு ஒன்றே மேஜையை மரமாக்கிவிடும்.

கண்ணாடிக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. டம்ளரில் தண்ணீர் வைக்கும்போது இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டால் காற்றுப்படலம் தெரிந்து காட்சி கெட்டுவிடும். அதனால் தண்ணீரின் ஓரத்தைக் கண்ணாடிக்குள் கொஞ்சம் நுழைத்து வைப்பது வழக்கம். நேராகப் பார்த்தால் கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அது ஏறிக்கொண்டே போகும்.

சுத்தமான வெள்ளையும் சுத்தமான கறுப்பும் இயற்கையில் இல்லை. வெள்ளைத் தாள் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் திருப்பித் தருகிறது. கரிகூடச் சில சதவீதம் தருகிறது. நிறங்களை இந்த எல்லைக்குள் வைத்து, ஒரு பக்கத்தில் ஜன்னல் அளவுக்கு ஒரே ஒரு பெரிய விளக்கை வையுங்கள். நாலு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல் செத்துவிடும். பிறகு கைரேகை, தூசு, பழத்தின் ஓரத்தில் ஒரு காயம். இவற்றை அளவோடு சேர்க்கப் பொறுமை வேண்டும். படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வருவதும் இயல்புதான். அதைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கணக்கீடு தேவை என்பதால், மிச்சப் புள்ளிகளைத் துடைக்கத் தனிக் கருவிகள் வந்துவிட்டன.

ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு படம் வரைந்து தருகிற காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு? நீங்களே அமைத்த காட்சியில் ஜன்னலை ஒரு ஜாண் உயர்த்தினால் நிழல் அதற்கேற்பக் கணக்காகச் சுருங்கும். கண்ணாடியை மட்டும் மாற்றலாம், மற்றது அப்படியே இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டைத் தொழில் உலகம் விலை கொடுத்து வாங்குகிறது. மேஜை நாற்காலி விற்கும் ஐக்கியா நிறுவனம் 2006-இல் ஒரு நாற்காலிப் படத்தில் தொடங்கியது; 2014 வாக்கில் அதன் பொருள் படங்களில் முக்கால் பங்கு கணிப்பொறியில் பிறந்தவை.

கற்க லட்சக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம். 2002-இல் ரசிகர்கள் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி ‘பிளெண்டர்’ மென்பொருளை எல்லோருக்கும் உரியதாக்கினார்கள். 2025-இல் ஆஸ்கர் வென்ற ‘ஃப்ளோ’ அனிமேஷன் படம் அதில் உருவானதுதான். தொடங்குகிறவர்கள் யூடியூப் பார்த்து பிளெண்டரில் ஒரு டோனட் செய்வது உலக வழக்கமாகிவிட்டது, நீங்களும் செய்யுங்கள். அது முடிந்ததும் அடுத்த பாடத்தைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரையும் பாதி வெட்டிய எலுமிச்சையையும் ஜன்னலோரம் வைத்து அரைமணி நேரம் பாருங்கள், ஒரு பென்சில் படம் போடுங்கள், அதற்கப்புறம் கம்ப்யூட்டரைத் திறங்கள்.