கருவில் நோயறிதல்

கருவுற்ற மகளிர்க்கு இக்காலத்திற் செய்யப்படும் பரம்பரை நோயாய்வுகள் இருவகைப்படும். ஒன்று ஐயந் தருவது. மற்றொன்று துணிபு தருவது. தாயின் குருதியைச் சிறிது எடுத்துச் சோதித்தலும், மூன்றாந் திங்களளவில் ஸ்கேன் கருவியாற் கருவின் பிடரியிலுள்ள நீரை அளத்தலும் முதல்வகையின. இவற்றின் விடை ‘இருக்கலாம்’ என்பதேயன்றி ‘இருக்கின்றது’ என்பதன்று. இதனை அறியாமையால் வீண் அச்சமும், சில வேளை வீண் ஆறுதலும் விளைகின்றன. துணிபு வேண்டுமாயின், நஞ்சுக்கொடியின் நுண்துணுக்கைப் பதினோராம் வாரத்தையொட்டியோ, கருவைச் சூழ்ந்த நீரைப் பதினைந்தாம் வாரத்திற்குப் பின்னரோ ஊசியால் எடுத்து ஆராய்தல் வேண்டும். இதனாற் கருச்சிதையும் இடர் சிறிதுண்டு. ஆதலின் யாவர்க்கும் இது செய்யப்படுவதில்லை.

சிலவற்றிற் கருவைத் தொடாமலே தெளியலாம். அரிவாளணுச் சோகை என்னும் நோயிற் குருதியின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும்; பிள்ளைகள் பொறுத்தற்கரிய நோவுறுவர். நம் நாட்டில் இக்குறை 1952இல் நீலகிரி மலைமக்களிடையே முதன்முதல் அறியப்பட்டது. கணவன் மனைவியர் இருவர் குருதியையும் சோதித்து, ஒருவரிடத்து இக்கூறும் இதனைச் சார்ந்த பிற குருதிக்குறைகளும் இல்லையெனக் கண்டால், அவர்தம் மகவுக்கு இந்நோய் வாராது. 2023 ஜூலை முதல் நாளில் இந்திய அரசு இதனை ஒழிக்கத் தனித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அரூரையடுத்த சித்தேரி மலையிலும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தம் குலத்துள்ளேயே மணக்கும் மக்கள் எவர்க்கும் இத்தகைய குருதிச்சோதனை பெரிதும் பயன்படும்.

நோயறியும் பொருட்டு வந்த கருவிகள் பெண்கருவை அறிந்து அழித்தற்கும் பயன்பட்டன. பெண்மகவை வேண்டாமை நம் பக்கத்தும் இருந்தமை மறைத்தற்குரியதன்று. 1992இற் சேலத்தில் தோன்றிய தொட்டிற்குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிக்கப்பட்டது. பாலறிதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் நோயாய்வைத் தடுக்கவில்லை. கருவின் பாலைச் சொல்லாலோ குறிப்பாலோ உணர்த்துதலையே தடுக்கின்றது.

அச்சட்டத்தில் ஒரு கூறு தமிழ் பயிலும் நமக்கு உரியது. கருவைத் தொட்டுச் செய்யும் ஆய்வின் பின்விளைவுகளைத் தாய்க்கு எடுத்துரைத்து, அவளறிந்த மொழியில் எழுத்து மூலம் அவளது இசைவைப் பெறல் வேண்டும் என்பதே அது. விளங்காத தாளிற் பெற்ற கைந்நாட்டு இசைவாகுமோ? ஆய்வு வேண்டாவென மறுப்பதும் அவள் உரிமையே. ‘நாலில் ஒன்று’ என்பதனையே கொள்க. தாய்தந்தை இருவரும் அரிவாளணுக் கூறுடையராயின் மகவுக்கு நோய் வருதற்கு உள்ள வாய்ப்பு அது. முதற்பிள்ளை நோயுற்றால் அடுத்த மூவரும் நலமாயிருப்பர் என்று பலர் கருதிவிடுவர். அங்ஙனமன்று; ஒவ்வொரு முறை கருவுறும்போதும் அந்த நாலில் ஒன்று புதிதாகவே எழும். இவ்வொரு வாக்கியத்தை மலையூர்த் தாய்க்கு விளங்கும்படி தமிழில் எழுதித் தருவார் வேண்டும்.